மருந்து செல்லைக் கொல்கிறதா, நிறுத்தி மட்டும் வைக்கிறதா? நேரடிக் கண்காணிப்பில் கண்டுபிடிப்பது எப்படி

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். மஞ்சள் நிறத் தாவரச் சேர்மம் ஒன்றை எம்.சி.எஃப்-7, எம்.டி.ஏ-எம்.பி-231 என்ற இரு மார்பகப் புற்றுநோய் செல் வரிசைகளில் சோதிக்கிறேன். செல்களின் உயிர்ப்பை நிறமாற்றத்தால் அளக்கும் எம்.டி.டி. சோதனையில் 24, 48, 72 மணி நேரத்துக்கு மூன்று வேறு ஐ.சி.50 (உயிர்ப்பைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவு) வருகிறது. குறைந்த அளவுகளில் சில சமயம் உயிர்ப்பு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. கட்டுரையைப் பரிசீலித்தவர், "இது செல்லைக் கொல்கிறதா, பெருகவிடாமல் தடுக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். இன்குபேட்டருக்குள்ளேயே நின்று படம் எடுக்கும் மைக்ரோஸ்கோப் எங்கள் பொது ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அதில் ஒரு முறை ஓட்டினால் பதில் கிடைத்துவிடுமா?

பதில்: ஒரு முறை போதாது. ஒழுங்காகத் திட்டமிட்டால் மூன்று ஓட்டத்தில் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கருவியை முன்பதிவு செய்வதற்கு முன்னால் அரை நாள் வேலை ஒன்று இருக்கிறது. செல் வளர்க்கும் பிளேட்டில், செல்லே இல்லாத குழிகளில் மீடியமும் (செல் வளரும் ஊட்டக் கரைசல்) உங்கள் சேர்மமும் மட்டும் போட்டு, எம்.டி.டி. சேர்த்து, வழக்கமாக விடும் நேரம் விட்டுப் பாருங்கள். ஊதா நிறம் வந்தால், அந்த 100 சதவீதத்தைத் தாண்டும் கணக்கின் மர்மம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எம்.டி.டி. சோதனையை டிம் மோஸ்மான் 1983-இல் வெளியிட்டார். மஞ்சள் உப்பை ஊதா ஃபார்மசானாக மாற்றுவது செல்லின் வளர்சிதை மாற்றம். அதாவது இந்தச் சோதனை செல்களை எண்ணுவதில்லை. அவை எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று பார்த்து, அதிலிருந்து எண்ணிக்கையை நாமாக ஊகிக்கிறோம். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரச் சேர்மங்களில் பல, செல்லின் உதவி இல்லாமலே அந்த உப்பை ஊதாவாக்கிவிடும். பெருகுவதை நிறுத்திவிட்டு உருவத்தில் பெருத்துப்போகும் செல்லும் தலைக்கு அதிக ஊதா தரும். இரண்டுமே உயிர்ப்பை உயர்த்திக் காட்டும்.

சரி, மூன்று ஐ.சி.50 எங்கிருந்து வருகிறது? 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் செல் வரிசையை எடுத்துக்கொள்வோம். மருந்து யாரையும் கொல்லவில்லை, எல்லாச் செல்லையும் அப்படியே நிறுத்தி மட்டும் வைக்கிறது. 1,000 செல்லில் தொடங்கினால் மருந்துக் குழியில் எப்போதும் 1,000 தான். மருந்தில்லாத குழியில் 24 மணியில் 2,000, 48-இல் 4,000, 72-இல் 8,000. நீங்கள் எழுதப்போகும் 'உயிர்ப்பு' முறையே 50, 25, 12.5 சதவீதம். மருந்து மாறவில்லை, அதன் வேலையும் மாறவில்லை, ஒரு செல்கூடச் சாகவில்லை. ஆனாலும் 72 மணி நேரப் பட்டையைப் பார்ப்பவர் "எண்பத்தேழு சதவீதம் செத்துவிட்டது" என்றுதான் படிப்பார். இதே மருந்தை 72 மணிக்கு ஒரு முறை இரட்டிக்கும் மெதுவான வரிசையில் போட்டால் 72-ஆம் மணியில் 50 சதவீதம் காட்டும். உடனே "முதல் வரிசைதான் மருந்துக்கு அதிகம் பணிகிறது" என்று எழுதிவிடுவோம். அது பிழை. வேகமாகப் பெருகுகிறது, அவ்வளவுதான்.

இதைச் சரிக்கட்டத்தான் 2016-இல் ஹாஃப்னர், சோர்கர் குழுவினர் ஜி.ஆர். என்ற அளவீட்டைக் கொண்டுவந்தார்கள். இறுதி எண்ணிக்கையை ஒப்பிடாமல் வளர்ச்சி வேகத்தை ஒப்பிடுவது அதன் சாரம். மதிப்பு 1 என்றால் மருந்தால் பாதிப்பில்லை, 0 என்றால் முழு நிறுத்தம், 0-க்குக் கீழே போனால் தொடங்கியதைவிடச் செல் குறைந்துவிட்டது, அதாவது சாவு. பரிசீலித்தவர் கேட்ட கேள்விக்கான எல்லைக்கோடு அந்த 0 தான். இதைக் கணக்கிட மருந்து போட்ட நேரத்தில் எத்தனை செல் இருந்தது என்று தெரியவேண்டும். எம்.டி.டி.யில் அதற்குத் தனியாக ஒரு பிளேட்டைப் பலி கொடுக்கவேண்டும். நேரடிக் கண்காணிப்பில் முதல் படமே அதைத் தந்துவிடுகிறது.

ஆனால் அந்த மைக்ரோஸ்கோப் தானாகத் தரும் எண் செல்களின் எண்ணிக்கை அல்ல. குழியின் தரையில் எத்தனை சதவீதத்தைச் செல்கள் மூடியிருக்கின்றன என்ற பரப்பளவு அது, கான்ஃபுளுவன்ஸ் என்பார்கள். செல் உருண்டுகொண்டால் பரப்பு குறையும், தட்டையாக விரிந்தால் கூடும், எண்ணிக்கை மாறாமலே. பாக்லிடாக்செல் போன்ற புற்றுநோய் மருந்து செல்லைப் பிரியும் கட்டத்தில் பிடித்து நிறுத்துகிறது. செல் பந்து மாதிரி உருண்டு மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். வளைவு சரியும், ஆனால் செல் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் எம்.சி.எஃப்-7 வேறு தீவு தீவாக ஒட்டி வளரும் சாதி. ஓரமும் நடுவும் பிரித்தறிய மென்பொருள் திணறும்.

அதனால் இரண்டு அடையாளங்கள் வேண்டும். உயிருள்ள செல்லின் உட்கருவில் சிவப்பாக ஒளிரும் புரதம் ஒன்று, எண்ணுவதற்கு. சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழைந்து டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயம் ஒன்று, சாவைப் பார்ப்பதற்கு. சிவப்புப் புரதத்துக்கு, செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுசேர்க்கும் லெண்டிவைரஸ் வழியாகப் புதிய செல் வரிசை செய்து, தேர்ந்தெடுத்து, அது பழைய வரிசையைப் போலவே பெருகுகிறதா, மருந்துக்கு அதே மாதிரி நடந்துகொள்கிறதா என்று பார்க்கவேண்டும். சில வாரம் பிடிக்கும். திருத்தம் அனுப்ப அவ்வளவு நாள் இல்லையென்றால் சாவுச் சாயம் மட்டும் போட்டு ஓட்டுங்கள். மருந்து போடும் நேரத்தில் இன்னொரு சிறு பிளேட்டிலும், முடிவில் இந்தப் பிளேட்டிலும், டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்து எல்லாச் செல்லின் சவ்வையும் உடைத்துவிட்டால், அதே சாயம் மொத்த எண்ணிக்கையைக் கொடுத்துவிடும். அழகில்லாத வழிதான், ஆனால் பதில் வரும்.

இனி வளைவுகளைப் படிப்பது. எண்ணிக்கை தொடங்கிய இடத்திலேயே தட்டையாகப் போய், சாயமும் மருந்தில்லாத குழி அளவிலேயே இருந்தால் நிறுத்தம். எண்ணிக்கை தொடக்கத்துக்குக் கீழே இறங்கி, சாயம் ஏறினால் கொலை. மூன்றாவது ஒன்று இருக்கிறது, நேரடிக் கண்காணிப்பின் உண்மையான மதிப்பு அதில்தான். எண்ணிக்கை தட்டை, ஆனால் சாயம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் பிறக்கின்றன, மறுபக்கம் அதே வேகத்தில் சாகின்றன. கடைசியில் ஒரு முறை மட்டும் அளக்கும் எந்தச் சோதனையிலும் இது நிறுத்தம் மாதிரியேதான் தெரியும். எப்போது என்பதையும் கவனியுங்கள். சாயம் நான்காம் மணியிலேயே ஏறினால் சவ்வையோ ஆற்றல் உற்பத்தியையோ நேராகத் தாக்குகிறதா என்று சந்தேகிக்கலாம். முப்பதாம் மணிக்கு மேல் ஏறினால் செல் பிரிய முயன்று தோற்றபின் சாகிறதா என்று பார்க்கலாம். இவை தடயம் மட்டும், நிரூபணம் ஆகாது. இன்னொன்று, இரண்டாம் நாளுக்குப் பிறகு சாயம் இறங்கினால் செல் பிழைத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். செத்த செல்லின் டிஎன்ஏ சிதைந்துபோகும், சில செல் மிதந்து குவியத்தை விட்டு விலகும்.

சாவு எந்த வகை என்று காட்ட எல்லோரும் காஸ்பேஸ்-3/7 சாயத்தைத்தான் வாங்குவார்கள். அப்போப்டோசிஸில், அதாவது செல் தன்னைத்தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் சாவில், வேலை செய்யும் நொதிகள் காஸ்பேஸ்கள். நீங்களும் வாங்கப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன்: எம்.சி.எஃப்-7 செல்லில் காஸ்பேஸ்-3 கிடையாது. அதன் மரபணுவில் 47 எழுத்துகள் விடுபட்டிருப்பது 1998-இலேயே வெளிவந்த செய்தி. காஸ்பேஸ்-7 இருப்பதால் கொஞ்சம் ஒளி வரலாம், ஆனால் எம்.டி.ஏ-எம்.பி-231 அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. அந்த வித்தியாசத்தை "எம்.சி.எஃப்-7 செல்களில் அப்போப்டோசிஸ் குறைவு" என்று எழுதிவிட்டால் அடுத்த பரிசீலனையில் மாட்டிக்கொள்வீர்கள். அப்போப்டோசிஸில் செல்லின் வெளிப்புறச் சவ்வில் வரும் மாற்றத்தில் ஒட்டும் அனெக்சின் சாயம் இதைவிடப் பாதுகாப்பு. எதைப் போட்டாலும், நிச்சயம் அப்போப்டோசிஸைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரின் போட்ட குழிகளை இரண்டு வரிசைக்கும் வையுங்கள்.

உங்கள் சேர்மம் மஞ்சள் என்றீர்கள். குர்குமின் மாதிரி மஞ்சள் சேர்மங்கள் பல நீல ஒளி பட்டால் தாமே பச்சையாக ஒளிரும். பச்சைச் சாயம் போட்டால், அளவு கூடக் கூடச் சாவு கூடுவது போல் அருமையான பொய் வளைவு வரும். சாயமே போடாமல் சேர்மமும் செல்லும் மட்டும் உள்ள குழிகளை முதலில் படம் எடுத்துப் பாருங்கள். ஒளிர்ந்தால் சிவப்பு அல்லது அதற்கும் நீண்ட அலைநீளச் சாயத்துக்கு மாறிவிடுங்கள்.

மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் பார்ப்பதே செல்லைத் துன்புறுத்தும். நீல ஒளி செல்லுக்குள்ளும், மீடியத்திலுள்ள ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) வழியாகவும் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. மருந்து ஏற்கெனவே அந்தப் பக்கமாகத் தள்ளிவைத்த செல்லை இந்த ஒளி விளிம்புக்கு அப்பால் தள்ளிவிடும். நானும் ஆரம்பத்தில் படம் பளிச்சென்று வரவேண்டும் என்று ஒளியைக் கூட்டி வைத்து, மூன்று நாள் வேலையை முழுசாகக் கெடுத்திருக்கிறேன். மங்கலான படம் எண்ணுவதற்குப் போதும். உட்கருவுக்கு ஹோய்க்ஸ்ட் சாயத்தை முதல் நாளே போட்டு மூன்று நாள் விடுவதும் வேண்டாம். அது டிஎன்ஏவில் உட்கார்ந்துகொண்டு, புற ஊதா ஒட்டிய ஒளியையும் கேட்கும். கடைசிப் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, அதே மாதிரி இன்னொரு பிளேட்டைப் படம் எடுக்காமல் சாதாரண இன்குபேட்டரில் வைத்து 72-ஆம் மணியில் மட்டும் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் உங்கள் வளைவுகளை நம்பலாம்.

ஒளியும் வேண்டாம் சாயமும் வேண்டாம் என்றால் மின்மறிப்பு முறை இருக்கிறது. குழியின் அடியிலுள்ள தங்க மின்முனைகளில் செல் ஒட்டினால் மின்னோட்டம் தடைபடுவதை அளப்பது. ஐவர் கியேவரும் சார்லஸ் கீஸும் 1984-இல் இதை முன்வைத்தார்கள். (கியேவர் 1973-இல் இயற்பியல் நோபல் பெற்றது இதற்காக அல்ல, மீக்கடத்திகளில் எலக்ட்ரான் ஊடுருவுவதைப் பற்றிய ஆய்வுக்காக.) நிமிடக் கணக்கில் மாற்றத்தைப் பிடிக்கும், ஆனால் செல் செத்ததா, உருண்டதா, தரையை விட்டதா என்று சொல்லத் தெரியாது. உங்கள் கேள்விக்கு அது பொருந்தாது.

பிளேட் போடும்போது, மருந்தில்லாத குழி கடைசியில் 80, 90 சதவீதம் நிரம்பும்படி விதைக்கவேண்டும். 72 மணியில் எட்டு மடங்காகும் வரிசை என்றால் மருந்து போடும்போது 10, 11 சதவீதம்தான் இருக்கலாம். கூடுதலாக விதைத்தால் மருந்தில்லாத குழி இடமின்றி நின்றுபோய், மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். விதைத்ததும் நேராக இன்குபேட்டரில் வைக்காமல் அரை மணி வெளியிலேயே சமதளத்தில் விடுங்கள், செல்கள் ஓரத்தில் குவியாமல் பரவி உட்காரும். ஓரக் குழிகள் ஆவியாகும். அவற்றில் செல் வேண்டாம், மீடியம் மட்டும் ஊற்றிவிடுங்கள். எல்லாக் குழியிலும், சேர்மத்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. ஒரே அளவு, முடிந்தால் 0.1 சதவீதம். மருந்து போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தவுடன் முதல் படத்தை எடுக்கவேண்டாம், மூடியின் நீராவி தெளிய அரை மணி ஆகும்.

எத்தனை மணிக்கு ஒரு படம்? பெருக்கத்துக்கும் சாவுக்கும் 2 மணிக்கு ஒன்று தாராளம். 96 குழி, குழிக்கு 4 படம், 72 மணி நேரம் என்றால் ஒரு நிறத்துக்கு மட்டும் 14,208 படம். செல் பிரிவதையே பார்க்கவேண்டும் என்றால் இந்த இடைவெளி உதவாது, பிரிதல் ஒரு மணி நேரம் போல்தான் நீடிக்கும். அதற்குச் சில குழிகளை மட்டும் தனி ஓட்டமாக 15 நிமிட இடைவெளியில், ஒளிரும் சாயம் இல்லாத சாதாரணப் படமாக எடுங்கள்.

அப்புறம், புள்ளியியல். ஒரே பிளேட்டின் ஆறு குழி ஆறு சோதனை ஆகாது, ஒரே சோதனைதான். மூன்று ஓட்டம் என்று நான் சொன்னது, மூன்று வேறு நாட்களில் தனித்தனியாக விதைத்த செல்களில். 37 நேரப் புள்ளிகளிலும் தனித்தனியாக டி-சோதனை (இரு சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போட்டு, வித்தியாசம் உண்டு என்று காட்டும் நட்சத்திரம் ஒட்டுவதும் சரியல்ல, ஒவ்வொரு புள்ளியும் முந்தையதன் தொடர்ச்சி. ஒவ்வொரு ஓட்டத்திலிருந்தும் வளர்ச்சி வேகம், சாயம் பாதி உச்சத்தை எட்டிய நேரம் என்று ஒன்றிரண்டு எண்களை எடுத்து அவற்றை ஒப்பிடுங்கள்.

முடிவு நிறுத்தம் என்று வந்தால் மூன்றாவது ஓட்டத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில குழிகளில் 48-ஆம் மணியில் மருந்தைக் கழுவிப் புது மீடியம் ஊற்றி, இன்னும் மூன்று நாள் படம் எடுங்கள். மருந்தில்லாத குழிகள் அதற்குள் நிரம்பிவிடும், அதனால் இவற்றுக்கு ஒப்பிட அவற்றைக் குறைவாக விதைத்து வையுங்கள். செல்கள் மறுபடி பெருகத் தொடங்குகின்றனவா, எத்தனை மணி கழித்து என்பதைப் பரிசீலிப்பவர் அடுத்துக் கேட்பார்.