நவாபுக்குப் பக்கத்து வீடு

கேள்வி: என் மகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள். வளாகத்தில் கடற்கரையைப் பார்த்து நிற்கும் சிவப்புக் கட்டடம் ஆர்க்காடு நவாபின் அரண்மனை என்கிறாள். அப்படியா?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். சேப்பாக்கத்துக்கு கிரிக்கெட் பார்க்கப் போன வயதில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சுண்டல் விற்ற பெரியவர் ஒருவர்தான், “அது செனட் ஹவுஸ் தம்பி. நவாப் வீடு ரோட்டுக்கு இந்தாண்ட” என்று கைகாட்டினார். வாலாஜா சாலைக்குத் தெற்கே இருப்பது 1768இல் எழுந்த நவாபின் அரண்மனை. வடக்கே, உங்கள் மகள் சொல்வது செனட் ஹவுஸ், அதாவது பல்கலைக்கழகத்தின் பேரவை மண்டபம்.

பல்கலைக்கழகம் 1857லேயே பிறந்துவிட்டது. ஆனால் இந்த மண்டபம் எழுந்தது 1874க்கும் 1879க்கும் இடையில். கட்டியவர் ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். 1864இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் மாநிலக் கல்லூரி, செனட் ஹவுஸ் இரண்டையும் தட்டிச் சென்றவர். முதலில் கட்டிய கல்லூரியில் இத்தாலியச் சாயல். செனட் ஹவுஸுக்கு வரும்போது மனிதர் மாறிவிட்டார்: நான்கு மூலையிலும் கோபுரம், குமிழ் குமிழாகக் கும்மட்டம், வளைவுகள். காரணம் எதிர்ச்சாரியிலேயே நின்றது. நவாபின் அரண்மனையை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அதன் இரண்டு மஹால்களையும் இணைத்துக் கோபுரம் எழுப்பியவரும் சிஷோம்தான். ஆக, மகளின் கண் ஏமாந்ததில் அவருக்கும் பங்கு உண்டு!

உள்ளே போக வாய்த்தால் பெரிய மண்டபத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 130 அடி நீளம், 58 அடி அகலம், 54 அடி உயரம். வெயில் ஏறும் நேரத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்குக் கீழே நின்றால் சட்டையெல்லாம் நிறம் மாறும். எனக்கு அப்படி ஒருமுறை மாறியது. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டி மண்டபத்தைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள்.

கேள்வி: செனட் ஹவுஸில் சட்டமன்றம் நடந்தது என்று தாத்தா சொல்வார். கதையா, நிஜமா?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: நிஜம்தான். 1937 ஜூலையில் மதராஸ் மாகாணச் சட்டசபை கூடியது அங்கேதான். ராஜாஜி அப்போது ‘பிரதமர்’. மாகாண முதல்வரை அன்றைக்கு அப்படித்தான் அழைத்தார்கள். தாத்தா அதையும் சொல்லியிருப்பாரே?