ஒற்றை வரிசை அணுக்கள் காந்தமாகுமா?

கேள்வி: பழுதான ஸ்பீக்கரைப் பிரித்ததில் காந்தம் தனியாக வந்துவிட்டது. இதைத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் ஒரே ஒரு வரிசை அணு மிச்சம் இருந்தால், அதுவும் காந்தமா?
- வாசகர், கொடுங்கையூர்

பதில்: ஊசியை இழுக்கிற அளவுக்கு அதில் பலம் இருக்காது. ஆனால் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம், அவை எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்குமா என்பதுதான் விஷயம். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஐசிங் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டு, 1925இல் சொன்ன விடை: நிற்காது. நம் பக்கம் தண்ணீர் லாரி வந்தால் குடம் கைமாறிப் போகுமே, அந்த வரிசையில் நடுவில் ஒருவர் திரும்பிக்கொண்டால் அவருக்குப் பின்னால் எதுவும் போய்ச் சேராது. இங்கேயும் அப்படித்தான். ஓர் இடத்தில் திசை முறிந்தால் அந்த ஒரு முறிவுக்கு மட்டுமே ஆற்றல் செலவு, அதற்கப்புறம் எத்தனை அணு திரும்பி நின்றாலும் கூடுதலாக ஒன்றும் ஆகாது. வரிசை நீள நீள முறிய வசதியான இடங்களும் கூடுவதால், கொஞ்சம் வெப்பம் இருந்தாலே ஒழுங்கு போய்விடும். தளமாகப் பரப்பினால் கதை வேறு, திரும்பி நிற்கும் கூட்டம் பெருகப் பெருக அதன் எல்லையும் நீண்டு செலவு ஏறும். (முப்பரிமாணத்திலும் காந்தம் வராது என்று ஐசிங் ஒரு போடு போட்டார், அது தப்பு.)

நிஜமாகவே செய்து பார்த்தார்களா? பார்த்தார்கள். 2002இல் இயற்பியலாளர் பியெத்ரோ கம்பார்டெல்லாவின் குழு அந்த முடிவை வெளியிட்டது. பிளாட்டினம் படிகத்தைச் சற்றே சாய்வாக வெட்டினால் மேற்பரப்பில் ஓர் அணு உயரப் படிகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் சுமார் 2 நானோமீட்டர் அகலம். வெற்றிடத்தில் கோபால்ட்டைப் படியவிட்டால் அணுக்கள் ஊர்ந்துபோய்ப் படியோரமாக வரிசை கட்டிக்கொள்கின்றன. 45 கெல்வினில் (சுமார் மைனஸ் 228 டிகிரி செல்சியஸ்) சுமார் 15 அணுக்கள் கொண்ட துண்டு துண்டாகத்தான் ஒத்துப்போயின. 15 கெல்வினுக்குக் கீழே, அதாவது மைனஸ் 258 டிகிரி செல்சியஸ் குளிரில், காந்தத்தன்மை நிலைத்து நின்றது.

அப்படியானால் ஐசிங் தோற்றாரா? இல்லை. அவர் பார்த்தது முடிவில்லாத சங்கிலி, அதுவும் எத்தனை காலம் காத்திருந்தாலும் கடைசியில் வந்து நிற்கும் நிலை. இங்கே சங்கிலி சராசரி 80 அணு நீளம்தான். அதோடு பிளாட்டினத்தின் பக்கத்தில் கோபால்ட்டுக்கு ஒரு திசைமேல் பலமான பிடிவாதம் வந்துவிடுகிறது, அந்தத் தடையைத் தாண்டித் திரும்ப அந்தக் குளிரில் மிக நீண்ட நேரம் ஆகும். நாம் பார்ப்பது திரும்ப முடியாத காந்தம் இல்லை, திரும்ப நேரமில்லாத காந்தம்.

கேள்வி: இதை வைத்து ஹார்ட் டிஸ்க் செய்யலாமா?
- வாசகி, எண்ணூர்

பதில்: 2012இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 12 இரும்பு அணுக்களில் ஒரு பிட்டைச் சேமித்தார்கள். பக்கத்துப் பக்கத்து அணுக்களை எதிரெதிராக நிறுத்தினார்கள், அதனால் அடுத்த பிட்டைத் தொந்தரவு செய்யாமல் நெருக்கி அடுக்கலாம். ஆனால் அதற்கும் சில கெல்வின் குளிர் வேண்டும், ஆகவே பர்மா பஜாரில் இப்போதைக்குத் தேடாதீர்கள்.