டோனி ஸ்டார்க்கின் காயமும் தானோஸின் காரணமும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மார்வெல் காமிக்ஸில் மரணதேவியின் மீதுள்ள காதலுக்காக உயிர்களை அழிக்கும் வில்லன் தானோஸை, திரையில் மக்கள்தொகையைப் பற்றிக் கவலைப்படுபவனாக மாற்றிவிட்டார்கள். காலத்துக்கேற்ற மாற்றம் என்ற பெயரில் மூலக்கதையை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

தானோஸ் விஷயத்தில் உங்களோடு பெருமளவு உடன்படுகிறேன். ஆனால் மூலத்தை மாற்றுவதையே குற்றமாகக் கருத என்னால் இயலவில்லை.

1963இல் வெளிவந்த முதல் அயர்ன்மேன் கதையில், அமெரிக்க ராணுவத்துக்கு ஆயுதம் செய்து தருபவனும் பின்னர் கவசம் அணிந்து அயர்ன்மேன் ஆகப்போகிறவனுமான டோனி ஸ்டார்க், வியட்நாம் காட்டில் மறைத்துக் கட்டப்பட்ட கண்ணிவெடிக் கயிற்றில் கால் இடறி, நெஞ்சில் பாய்ந்த சிதறல்களோடு வாங் சூ என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாத் தலைவனிடம் சிக்குகிறான். ஜான் ஃபாவ்ரோ இயக்கிய 2008ஆம் ஆண்டுப் படம் களத்தை ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுசென்றது. அதற்கு முன்பே, வாரன் எல்லிஸ் எழுதி ஆடி கிரானோவ் வரைந்த 'எக்ஸ்ட்ரீமிஸ்' கதையில் காமிக்ஸே அந்த இடமாற்றத்தைச் செய்துவிட்டது. நாயகனுக்கு வயதே ஏறாத ஒரு தொடரில், அவன் காயம்பட்ட போரை அவ்வப்போது மாற்றி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

படம் செய்த பெரிய மாற்றம் வேறொன்று. பாறை மறைவில் பதுங்கும் ஸ்டார்க்கின் அருகே வந்து விழும் ஏவுகணையில் அவனுடைய நிறுவனத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவன் அதைக் கண்ட மறுகணமே அது வெடிக்கிறது. காமிக்ஸில் எதிரியின் கண்ணியால் வந்த காயம் இங்கே அவன் செய்து விற்ற பொருளால் வருகிறது. ஊர் திரும்பியதும் ஆயுத உற்பத்தியை நிறுத்துவதாக அவன் அறிவிப்பதை நாம் நம்புவது இதனால்தான். சிறைப்பட்ட இடத்தில் உருவாகும் கவசத்தையும், அவன் தப்பிக்க உடன் சிறைப்பட்டிருக்கும் யின்சென் தன் உயிரைக் கொடுப்பதையும் படம் விட்டுவிடவில்லை. இது மூலத்தை ஆழமாக வாசித்தவர்கள் செய்த மாற்றம்.

தானோஸுக்கு இந்தக் கவனம் கிடைக்கவில்லை. ஜிம் ஸ்டார்லின் எழுதிய 1991ஆம் ஆண்டுக் கதையில் பாதி உயிர்களின் அழிவு அவன் மரணதேவிக்குச் செலுத்தும் காணிக்கை என்பதால், வேறு வழி இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. 2018இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படத்திலோ, தன் கிரகமான டைட்டன் வளமின்றி அழிந்ததைக் கண்டவன், பிற உலகங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொல்கிறான். இயற்கையின் விதிகளையே மாற்றும் ஆறு கற்களைக் கையில் வைத்திருப்பவன் ஏன் வளங்களைப் பெருக்கவில்லை என்று பார்வையாளர் கேட்டால் படத்திடம் பதில் இல்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கற்களில் ஒன்றைப் பெறுவதற்காக, வோர்மிர் என்ற கிரகத்தின் மலையுச்சியில், தான் மகளாக நேசித்து வளர்த்த கமோராவைக் கண்ணீரோடு தள்ளிவிடும் தானோஸ், தன் கொள்கை சரியென்று முழுமனதாக நம்புபவனாக இருந்தால்தான் அந்தக் காட்சி நிற்கும். திரைக்கதையாசிரியர்கள் காரணத்தை மாற்றியதால் கிடைத்த காட்சி அது. அதை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்காகத் தர்க்கத்தில் விழுந்த ஓட்டையை மன்னிக்க எனக்கு மனமில்லை.