பணம் கொடுத்தாச்சு, சாவியும் வாங்கியாச்சு: வீடு இப்போது யாருடையது?

ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம், முழுத் தொகையும் கொடுத்துவிட்டேன், சாவியும் கையில் இருக்கிறது, இனி வீடு சட்டப்படி என்னுடையதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாடு என்று சொல்லவில்லை. பல நாடுகளில் இதற்குப் பதில், "இன்னும் இல்லை."

விற்பனை ஒப்பந்தம் என்பது "விற்றுவிட்டேன்" அல்ல, "விற்பேன்" என்ற வாக்கு. வாக்குத் தவறினால் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையும் தராது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலம், வீட்டை விற்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். ஜெர்மனி இன்னும் கறார். நோட்டரி முன் எல்லாம் முடித்துக் குடியேறிவிட்டாலும், நிலப் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை பழையவர்தான் சொந்தக்காரர். பிரான்சில் தலைகீழ். 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டப்படி, எந்தச் சொத்து, என்ன விலை என்று இருவரும் ஒத்துக்கொண்டாலே உரிமை மாறிவிடும். ஆனால் அதே வீட்டை அவர் இன்னொருவருக்கும் விற்று, விஷயம் தெரியாத அந்த ஆள் உங்களுக்கு முன்னால் பதிந்துவிட்டால் வீடு அவருக்குத்தான்.

பதிவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? செல்போனை விற்றால் கையில் கொடுத்துவிடலாம், நிலத்தை எப்படிக் கொடுப்பது? பழைய ரோமில் 5 சாட்சிகள் நிற்க, ஒருவர் தராசு பிடிக்க, வாங்குபவர் அதை வெண்கலத் துண்டால் தட்டுவார். இடைக்கால இங்கிலாந்தில் விற்பவர் அந்த நிலத்திலேயே நின்று ஒரு மண்கட்டியையோ சுள்ளியையோ எடுத்து வாங்குபவர் கையில் கொடுப்பார். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், கைமாறியது ஊருக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்த வேலையைப் பதிவேடு செய்கிறது.

சரி, பதிந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். காலமான தன் அப்பாவின் மனையை ஒருவர் எங்களுக்கு விற்றார், பத்திரமும் ஒழுங்காகப் பதிவானது. அப்புறம்தான் அவருடைய அக்கா வந்து பங்கு கேட்டார். தம்பிக்கு இருந்தது தம்பியின் பங்கு மட்டும், எங்களுக்கும் அதுதான் வந்திருந்தது. தன்னிடம் இல்லாததை யாரும் விற்க முடியாதே! அக்காவுக்குத் தனியாகப் பணம் கொடுத்து, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதும் விடுதலைப் பத்திரம் வாங்கினோம். பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிகிறதே தவிர, விற்பவருக்கு உரிமை உண்டு என்று உத்தரவாதம் தருவதில்லை. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறை இதை மாற்றியது. அதில் பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமை, மோசடி போன்ற சில விலக்குகள் தவிர. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த வழிதான். பதிவேடு இப்படி உத்தரவாதம் தராத இடங்களில், சொத்து முன்பு கைமாறியபோது எழுதிய மூலப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில், பத்திரம் முடியும் முன்பே முழுப் பணத்தையும் கொடுத்தது அவசரம் என்றே நினைக்கிறேன். போனது போகட்டும். ஒரு வக்கீலிடம் மூலப் பத்திரங்களைக் காட்டிவிட்டு, விற்றவரை அழைத்துப்போய் உடனே பதிவை முடியுங்கள். நடுவில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கையெழுத்துக்காக நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.