அரை ஏரித் தண்ணீரை யாருக்கு எப்படிப் பிரிப்பது?

கேள்வி: எங்கள் ஏரி இம்முறை பாதிதான் நிரம்பியது. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 120 ஏக்கர். மதகுக்குப் பக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர்கள் முழுக்க நெல் நட வேண்டும் என்கிறார்கள். வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரர்கள் சம பங்கு கேட்கிறார்கள். மீன் குத்தகைதாரர் ஏரியை வற்றவிடக் கூடாது என்கிறார். ஓட்டெடுப்பு நடத்தி முடித்துவிடலாமா?
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: வேண்டாம். ஆள்பலம் உள்ள பக்கம் ஜெயிக்கும். தோற்ற பக்கம் ராத்திரியில் வாய்க்காலை வெட்டும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. நெல்வயலில் 5 செ.மீ. நிற்கும்படி ஒருமுறை பாய்ச்ச ஏக்கருக்குச் சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஏரியில் இருப்பதில் ஊறியும் வற்றியும் போவதைக் கழித்து, எத்தனை ஏக்கரைக் கதிர் வரை காப்பாற்றலாம் என்று எல்லோர் முன்னாலும் போட்டுப் பாருங்கள். 60 ஏக்கர்தான் தேறும் என்றால், தலைமடை மட்டும் நட்டுக்கொள்வது நியாயமில்லை. அவரவர் நிலத்தில் பாதியில் குறுகிய கால நெல், மீதியில் உளுந்து என்று பேசுங்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம்.

மீன் குத்தகைதாரரிடம் தனியாகப் பேசுங்கள். அவருக்கு வேண்டியது நிறைந்த ஏரி அல்ல. மீன் பிடிக்கும் நாள்வரை ஒரு குறைந்தபட்ச ஆழம். அந்த மட்டத்தை மதகுத் தூணில் பெயிண்டால் கோடு போட்டு, பிடிக்கும் தேதியையும் குறித்துவிடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கினால் அந்தத் தேதிவரை மதகு மூடியிருக்கும்.

யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பதில்தான் பல ஊர்களில் கோட்டை விடுகிறார்கள். ஏக்கருக்கு இத்தனை மணி நேரம் என்று சமமாகப் பிரித்தால் போதாது. காய்ந்த வாய்க்கால் நனைந்து தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும் நேரத்தை அவர்கள் பங்கில் கழிக்கக் கூடாது. ஏரி மட்டம் இறங்க இறங்க மதகில் வேகமும் குறையும். கடைசியில் பாய்ச்சுபவருக்கு அதே ஒரு மணியில் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் ஒரு சுற்று தலையிலிருந்து, அடுத்த சுற்று கடையிலிருந்து.

கூட்டத்தில் "சம்மதமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொருவரிடமும் "எது இருந்தால் ஒத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். நிலச் சொந்தக்காரர் மட்டும் வந்தால் போதாது. உழுகிற குத்தகைதாரரும் கையெழுத்துப் போட வேண்டும், மண்வெட்டி அவர் கையில்தான் இருக்கிறது. மதகைத் திறந்து மூடி முறைப்படி தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குக் கூலி ஏக்கர்வாரியாக எல்லோரும் கொடுக்கட்டும். ஒரு பக்கத்தார் மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் அவரை நம்ப மாட்டார்கள்.

நடுவில் மழை வந்து ஏரி ஏறினால் கூடுதல் தண்ணீர் உளுந்துக்கா, நெல்லுக்கா என்பதையும் இதே தீர்மானத்தில் எழுதுங்கள்.