இரண்டு மலை, நடுவில் சூரியன்

கேள்வி: அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்து வரைவதில் கெட்டிக்காரர்கள். சொந்தமாக வரையச் சொன்னால் மட்டும் போனில் பார்த்த படம், இல்லாவிட்டால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை. வரைவதற்கு முன் வர்ணிக்கப் பழக்கினால் கற்பனை வளரும் என்கிறார்களே, உண்மையா?
– ஓவிய ஆசிரியர், தென்காசி

பதில்: வளரும். ஆனால் எடுத்த எடுப்பில் 'எழுது' என்று தாளை நீட்டினால் 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று கட்டுரை நோட்டு நடையில் ஆரம்பித்துவிடுவார்கள், அதை வைத்து ஒரு கோடுகூடப் போட முடியாது. முதலில் பேச விடுங்கள். இரண்டு பேரை முதுகோடு முதுகு உட்கார வைத்து ஒருவர் கையில் பழைய குடை ஒன்றைக் கொடுங்கள். பெயரைச் சொல்லக் கூடாது, 'அழகான', 'சூப்பரான' கூடாது, கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும், மற்றவர் அதைக் கேட்டே வரைய வேண்டும். "நீளமா இருக்கு, அடியில வளைஞ்சிருக்கு" என்றுதான் தொடங்கும். "எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் வளைவு?" என்று வரைகிறவர் எரிச்சலோடு கேட்பார் பாருங்கள், அப்போதுதான் குடை வைத்திருப்பவர் உண்மையில் பார்க்கத் தொடங்குவார்: ஒரு கம்பி முனையில் தையல் விட்டுத் துணி தொங்குவது, பிடியில் கை பட்டுப் பட்டு வெளுத்த இடம். படம் கோணலாகத்தான் வரும், வரட்டும்.

மலைக்கும் இதே வழிதான். நீங்கள் மலையடிவாரத்து ஊர்க்காரர், சாரல் நாளில் மேகம் மலையை எந்த இடத்தில் மறைக்கிறது என்று சொல்ல வையுங்கள், அந்தச் சூரியன் தானாகக் காணாமல் போகும்.

அப்புறம் நெடுநல்வாடை என்ற சங்க காலப் பாட்டு. 188 அடிதான், முழுவதும் வேண்டாம், விடாத மழையில் வீட்டுப் புறா இரை தேடப் போகாமல், இரவா பகலா என்று புரியாமல், இருந்த இடத்திலேயே கால் கடுத்து மாறி மாறி நிற்கிற இடம் மட்டும் போதும். அதை எளிய தமிழில் வாய்விட்டுச் சொல்லி வரையச் சொல்லுங்கள். புறா எந்தக் காலைத் தூக்கியிருக்கிறது, பின்னால் இருக்கும் சுவர் சுண்ணாம்பா செங்கலா, தண்ணீர் எங்கே சொட்டுகிறது, எதுவும் பாட்டில் கிடையாது. பிள்ளைதான் முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் கேட்கிற கற்பனை வேலை செய்வது இங்கேதான், அதனால் தயவுசெய்து மாதிரிப் படம் எதையும் போர்டில் வரைந்து காட்டிவிடாதீர்கள்.

பிறகு எழுத்துக்கு வரலாம். எழுத வராத பிள்ளை சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். பிழை திருத்தச் சிவப்பு மையை மட்டும் எடுக்காதீர்கள், அது தமிழய்யா வேலை.