சொந்தப் படகு இல்லாமல் சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொள்ள முடியுமா?

முடியும், படகு வைத்திருப்பவரின் குழுவில் ஒருவராக. 1945-இல் தொடங்கிய இந்தப் போட்டி டிசம்பர் 26 அன்று சிட்னி துறைமுகத்தில் கிளம்பி, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, பாஸ் நீரிணையைக் கடந்து டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் முடிகிறது. மொத்தம் 628 கடல் மைல். நீரிணையில் ஆழம் குறைவு, அதனால் பலத்த காற்றில் அலைகள் செங்குத்தாக எழும். 1998 புயலில் 6 பேர் இறந்தார்கள், பிறகு விதிகள் இறுகின. குழுவில் பாதிப்பேராவது கடலில் உயிர்காக்கும் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? பாய்மரப் படகுக் கிளப் ஒன்றில் சேருங்கள், சின்னப் பந்தயங்களுக்கு ஆள் தேடும் படகுகளில் தவறாமல் ஏறுங்கள், அப்புறம் இரவு முழுக்க ஓடும் பந்தயங்கள். தூக்கமில்லாமல், குமட்டலோடு, நனைந்த உடையில் நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் கேப்டன் பார்ப்பார்.